‘கெட்’ என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள்கள் ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் ‘கெட்’ என்ற சொல்லை அகராதியில் பார்த்தபோது இருபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. பெறுதல், ஆதல், போய்ச் சேர்தல், புரிந்துகொள்ளுதல், செய்யவைத்தல் என்று ஒன்றோடொன்று ஒட்டாத அவற்றை மனப்பாடம் செய்ய முயன்று கைவிட்டுவிட்டீர்கள். இதற்கிடையில் அலுவலகக் கடிதத்தில் இந்தச் சொல்லை எழுதவே கூடாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இதைக் கற்றுக்கொள்ள என்னதான் வழி என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் உண்மையில் இருப்பது இன்னொரு கேள்வி என்று நினைக்கிறேன். இவை தனித்தனியான இருபது பொருள்களா, அல்லது ஒரே பொருள் இருபது இடங்களில் இருபது விதமாகத் தோன்றுகிறதா என்பதே அது. இரண்டாவதே சரி என்பது என் பதில். ஆனால் அந்த ஒரே பொருள் எது என்பதைத் தமிழ் வழியாகப் பார்த்தால்தான் நமக்குப் பிடிபடும். எங்கே அது கைகொடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் கற்பித்தும், இரு மொழிகளுக்கும் இடையே மொழிபெயர்த்தும் வருகிறேன். கீழே நான் எழுதுவதில் பெரும்பகுதி அந்த அனுபவத்திலிருந்து வருவது. சொல்லின் வரலாறு பற்றிய பகுதி சொற்பிறப்பு அகராதிகளிலிருந்து கற்றது. வரலாற்று மொழியியலில் நான் ஆய்வு செய்தவன் அல்லன். ஆகவே அறிஞர்கள் ஒத்துக்கொண்டவற்றையும், அவர்களே இன்னும் விவாதித்துக்கொண்டிருப்பவற்றையும், என் சொந்தக் கணிப்பையும் அந்தந்த இடத்தில் பிரித்துக் காட்டுகிறேன்.

ஆங்கிலத்தில் ஒரு நிலையில் இருப்பதைச் சொல்ல இரண்டு அடிப்படை வினைகள் உள்ளன. ஒன்று ‘ஹேவ்’, அதாவது ஒன்று என்னிடம் இருத்தல். மற்றொன்று ‘பி’, அதாவது நான் ஒரு நிலையிலோ ஓர் இடத்திலோ இருத்தல். இந்த இரண்டும் அசையாத நிலையைச் சொல்பவை. அந்த நிலைக்குள் நுழையும் கணத்தைச் சொல்வதற்கு வரும் சொல்தான் ‘கெட்’. ‘ஐ ஹேவ் எ லெட்டர்’ என்றால் கடிதம் என்னிடம் இருக்கிறது. ‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் முன்பு என்னிடம் இல்லாத கடிதம் வந்து சேர்ந்தது. ‘ஷி இஸ் ஆங்கிரி’ என்றால் அவள் கோபமாக இருக்கிறாள்; ‘ஷி காட் ஆங்கிரி’ என்றால் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘வி ஆர் ஹோம்’ என்றால் வீட்டில் இருக்கிறோம். ‘வி காட் ஹோம்’ என்றால் வீடு வந்து சேர்ந்தோம். மூன்று வாக்கியங்களிலும் அகராதி மூன்று தனித்தனிப் பொருள்களைக் கொடுத்திருக்கும். ஆனால் மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: இல்லாமை முடிந்து இருத்தல் தொடங்குகிறது. ஒரு வாக்கியத்தில் ‘கெட்’ வந்து குழப்பினால், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ஹேவ்’ அல்லது ‘பி’ வைத்துப் பாருங்கள். கிடைக்கும் நிலை எதுவோ, அதற்குள் நுழைவதே அந்த வாக்கியத்தின் செய்தி. என் வகுப்புகளில் முதல் நாள் நான் சொல்லித்தருவது இதைத்தான்; பெரும்பாலான பயன்பாடுகளுக்கு இது போதுமானதாக இருக்கிறது.

தமிழிலும் நமக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். இருக்கிறது என்பதற்கு எதிரில் வந்தது, ஆனது, கிடைத்தது என்று சொல்கிறோம். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. தமிழில் இத்தகைய வாக்கியங்களில் மனிதர் பெரும்பாலும் எழுவாயாக வருவதில்லை. நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். எனக்குக் கடிதம் கிடைத்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்குப் புரிந்தது, எனக்குப் பசிக்கத் தொடங்கியது என்கிறோம். பொருள் வருகிறது, நோய் வருகிறது, புரிதல் வருகிறது. நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். ஆங்கிலமோ மனிதரை எழுவாயாக்கி, அவரே எல்லாவற்றையும் போய் எட்டுவதுபோல வாக்கியத்தை அமைக்கிறது: ‘ஐ காட் எ லெட்டர்’, ‘ஐ காட் எ ஃபீவர்’, ‘ஐ காட் இட்’, ‘ஐ காட் ஹங்ரி’. தமிழில் நான்கு வினைகள் தேவைப்பட்ட இடத்தில் ஆங்கிலத்துக்கு ஒன்றே போதுமாகிறது. ஆகவே ‘கெட்’ என்றால் பெறு என்று மனத்தில் எழுதிக்கொண்டவர், காய்ச்சலைப் பெறுவதும் பசியைப் பெறுவதும் எப்படி என்று திகைத்து நிற்கிறார். எனக்கு ஒன்று வந்தது, ஆனது, கிடைத்தது என்று தமிழ் சொல்லும் இடங்களில் எல்லாம், ‘எனக்கு’ என்பதை ‘நான்’ என்று மாற்றி ‘கெட்’ போட்டுப் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டவருக்கு அந்தத் திகைப்பு பெரும்பாலும் இராது.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் எது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பெறு என்பதைவிட வாங்கு என்பதுதான் நெருக்கமானது என்பது என் கருத்து. புத்தகம் வாங்கினான், கடன் வாங்கினான், மதிப்பெண் வாங்கினான், நல்ல பெயர் வாங்கினான், அடி வாங்கினான், திட்டு வாங்கினான் என்று நாம் சொல்லும்போது, பணம் கொடுத்தானா, கேட்டுப் பெற்றானா, உழைத்துப் பெற்றானா, விரும்பாமலே வந்து சேர்ந்ததா என்பதை அந்த வினை சொல்வதே இல்லை. அதோடு வரும் பெயர்ச்சொல்தான் சொல்கிறது. ‘கெட்’ செய்வதும் அதையே. ‘ஐ காட் எ புக்’ என்ற வாக்கியத்தை மட்டும் தனியே வைத்துக்கொண்டு, அந்தப் புத்தகம் விலைக்கு வாங்கப்பட்டதா, பரிசாகக் கிடைத்ததா, நூலகத்திலிருந்து எடுத்துவரப்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளருக்கு இது உண்மையான தொல்லை. தமிழில் கிடைத்தது, வாங்கினேன், எடுத்துவந்தேன் என்று ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். முன்பின் வாக்கியங்களைப் படிக்காமல் அந்தத் தேர்வைச் செய்தால் கதையே மாறிப்போகும். ‘கெட் மீ எ சேர்’ என்பது போன்ற வாக்கியங்களில் இரண்டு செயப்படுபொருள்கள் வரும். எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வா என்பது பொருள். இங்கே நாற்காலி வந்து சேர்வது பேசுகிறவரிடம், எடுத்துவருகிறவரிடம் அன்று என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

வரலாற்றுக்குச் சற்றுப் போக வேண்டும், ஏனென்றால் அது நினைவில் வைத்துக்கொள்ள உதவுகிறது. இந்தச் சொல் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று என்பது உறுதி. 9ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’ என்ற வினையிலிருந்து அது வந்தது. ஏறத்தாழ 1200 முதல் ஆங்கில எழுத்துகளில் காணப்படுகிறது. ‘டேக்’, ‘தே’, ‘ஸ்கை’, ‘விண்டோ’ ஆகிய சொற்களும் அதே மொழி தந்தவை. பழைய ஆங்கிலத்தில் இதற்கு உறவான வினை ஒன்று இருந்தது, ஆனால் பெரும்பாலும் முன்னொட்டு சேர்ந்தே வழங்கியது. அதன் எச்சங்கள்தாம் இன்றைய ‘பிகெட்’, ‘ஃபர்கெட்’ ஆகியவை. பழைய ஆங்கில வடிவத்தில் அந்த முதல் மெய்யெழுத்து யகரத்தை ஒட்டி ஒலித்தது. நார்ஸின் செல்வாக்கு இல்லாமல் இருந்திருந்தால் இன்று நாம் ‘யெட்’ போன்ற ஓர் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்போம். ‘கிவ்’ என்ற வினையும் இடைக்கால ஆங்கிலத்தில் ‘யிவ்’ என்று வழங்கியது உண்டு. ‘ஃபர்கெட்’ என்பதன் பகுதிகளைப் பிரித்தால் பிடியை விட்டுவிடுதல் என்று ஆகிறது; நினைவிலிருந்து நழுவியது என்று நாம் சொல்வதற்கு அது வெகு அருகில் இருக்கிறது.

நார்ஸ் ‘கெட்டா’வுக்கு அடைதல் என்ற பொருளோடு பிள்ளை பெறுதல் என்ற பொருளும் இருந்தது என்பதை முதன்முதலில் படித்தபோது நான் அந்தப் பக்கத்திலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். நம்முடைய பெறு என்ற வினையும் அப்படித்தானே இருக்கிறது? பரிசு பெற்றாள், பிள்ளை பெற்றாள் என்று இரண்டுக்கும் ஒரே வினை; பேறு என்ற பெயரும் அடைந்த நன்மைக்கும் மகப்பேற்றுக்கும் பொதுவானது; தாய் தந்தையர் பெற்றோர் ஆனதும் அதனால்தான். இரண்டு மொழிகளுக்கும் இதில் உறவு உண்டு என்று நான் சொல்லவில்லை. எந்த உறவும் கிடையாது. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன, அவ்வளவே. சொல்லின் வேர் இன்னும் பின்னோக்கிப் போகிறது. கையால் பற்றுதல் என்ற பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இது வந்தது என்றும், லத்தீனின் ‘ப்ரெஹெண்டெரே’ அதே வேரைச் சேர்ந்தது என்றும் சொற்பிறப்பு அகராதிகள் கூறுகின்றன. புரிந்துகொள்ளுதலைக் குறிக்கும் ‘காம்ப்ரிஹெண்ட்’ அந்த லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆகவே ‘ஐ காட் இட்’ என்பதும் ‘ஐ காம்ப்ரிஹெண்ட்’ என்பதும் அடித்தளத்தில் ஒரே உருவகம்: கருத்து என் கைப்பிடிக்குள் வந்தது. அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை என்று நாம் சொல்வதும் அதே உருவகந்தான். புரிந்துகொள்ளுதல் என்ற பொருளை இனி நீங்கள் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: சொன்னது விளங்காதபோது நம்மில் பலர் ‘ஐ டிடின்ட் கெட் யூ’ என்கிறோம். பிற நாட்டவரிடம் ‘ஐ டிடின்ட் கெட் தட்’ என்பதே இயல்பாகக் கேட்கும். ‘யூ’ என்று சொன்னால், சொன்ன சொல்லை விட்டு ஆளையே புரிந்துகொள்ள முடியவில்லை என்ற சாயல் வந்துவிடலாம்.

அடுத்து, பெயரடையோடு வரும் பயன்பாடு. ‘கெட் டயர்ட்’, ‘கெட் ஓல்ட்’, ‘கெட் வெட்’ என்று வரும்போது ஆகு, வா, படு ஆகிய தமிழ் வினைகள் எல்லாம் ஒன்றில் அடங்குகின்றன. தொடர்ந்து நடக்கும் மாற்றத்துக்கு ‘கெட்டிங்’ வரும்: ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’. இதை இருட்டிக்கொண்டு வருகிறது என்று தமிழில் வா என்ற துணைவினையோடு சொல்கிறோம் என்பதைக் கவனியுங்கள். மாற்றம் நம்மை நோக்கி வருகிறது என்ற பார்வை இரண்டு மொழிகளுக்கும் பொதுவாகிறது. இங்கே கற்பவர்கள் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. ஆகு என்பதற்கு ‘கெட்’ என்று எழுதிக்கொண்டவர், அவர் மருத்துவர் ஆனார் என்பதை ‘ஹி காட் எ டாக்டர்’ என்று எழுதிவிடுவார். அதற்கு அவர் ஒரு மருத்துவரைத் தேடிப் பிடித்து அழைத்துவந்தார் என்று பொருள் ஆகிவிடும். பெயர்ச்சொல் தொடர்ந்து வந்தால் ‘கெட்’ எப்போதும் ‘ஹேவ்’ பக்கம் சாயும். ஆதல் என்ற பொருள் வேண்டுமானால் அங்கே ‘பிகம்’ மட்டுமே சரி. இது விதிவிலக்கு ஏதும் நான் கண்டிராத விதி. ஆனால் பெயரடைகளில் எதற்கு ‘கெட்’, எதற்கு ‘பிகம்’, எதற்கு ‘கோ’, எதற்கு ‘டர்ன்’ என்பது அவ்வளவு தெளிவானதன்று. ‘கோ பேட்’, ‘கோ பிளைண்ட்’, ‘டர்ன் ரெட்’ போன்றவை வழக்கால் நிலைத்தவை. ‘கிளியர்’, ‘அவெய்லபிள்’ போன்றவை ‘பிகம்’ உடன் பொருந்துகின்றன; ‘கோல்ட்’, ‘ஹங்ரி’, ‘லேட்’, ‘ரெடி’ போன்ற அன்றாட நிலைகள் ‘கெட்’ உடன் பொருந்துகின்றன. உடலும் நாளும் பொழுதும் சார்ந்த மாற்றங்களுக்குக் ‘கெட்’ என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அது என் கணிப்பு மட்டுமே, இலக்கண விதி அன்று.

இடப்பெயர்ச்சியில் இந்தச் சொல் தரும் சாயல் ‘கோ’ என்பதற்கும் ‘ரீச்’ என்பதற்கும் நடுவில் இருக்கிறது. போவதைப் பற்றி அது அதிகம் கவலைப்படுவதில்லை. போய்ச் சேர்ந்தாயா என்பதே அதன் கவலை. ‘ஹவ் டிட் யூ கெட் ஹியர்’ என்ற கேள்வியில், எப்படியோ வந்து சேர்ந்துவிட்டாய், எந்த வழியில் என்பதைச் சொல் என்ற தொனி இருக்கிறது. ஊர்ப்பெயருக்கும் இடப்பெயருக்கும் முன்னால் ‘டு’ வேண்டும். ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் முன்னால் வேண்டாம். ‘ரீச்’ என்ற வினைக்கோ எங்குமே ‘டு’ வேண்டாம். ஆனால் நம்மவர்கள் அங்கேதான் சேர்ப்பார்கள். ஊர்தியில் ஏறுவதற்கு, உள்ளே நின்று நடக்க இடமுள்ள பேருந்து, ரயில், விமானம், கப்பல் என்றால் ‘கெட் ஆன்’, இறங்குவதற்குக் ‘கெட் ஆஃப்’. குனிந்து உள்ளே உட்காரும் கார் என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. பேருந்திலிருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்பது இந்திய ஆங்கிலத்தில் பரவலாக உள்ள வழக்கு. இங்கே அனைவருக்கும் அது விளங்கும். அதைப் பிழை என்று சொல்லி யாரையும் நான் திருத்துவதில்லை. ஆயினும் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அதைக் கேட்பவர், மேசைமீதோ மரத்தின்மீதோ ஏறியிருந்தவர் கீழே இறங்குவதாக எண்ணக்கூடும் என்பதைச் சொல்லிவிடுவது என் கடமை.

செய்யவைத்தல் என்ற பொருளில் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். அது நியாயமே, ஏனென்றால் இங்கே இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. ‘ஐ காட் ஹிம் டு சைன்’ என்றால் அவரைக் கையெழுத்துப் போடவைத்தேன். ‘ஐ காட் த ஃபார்ம் சைன்ட்’ என்றால் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். முதலாவதில் ஆள் முக்கியம், இரண்டாவதில் வேலை முடிந்த நிலை முக்கியம். நுழைதல் என்ற அடிப்படைப் பொருள் இங்கேயும் மாறவில்லை: ஓர் ஆளையோ பொருளையோ நான் விரும்பிய நிலைக்குள் கொண்டுவருகிறேன். தமிழில் வை என்ற ஒரே துணைவினை எல்லா வகைச் செய்யவைத்தலுக்கும் பொதுவாக நிற்கிறது; வற்புறுத்தியதா, வேண்டிக்கொண்டதா, வேலைக்கு அமர்த்திச் செய்ததா என்பதைச் சூழல்தான் காட்டும். ஆங்கிலம் அவற்றைப் பிரித்துவிடுகிறது. ‘மேக்’ என்றால் விருப்பம் இல்லாதவரைச் செய்யவைத்தது. ‘ஹேவ்’ என்றால் அது அவருடைய வேலையாக இருந்ததால் செய்யச் சொன்னது. ‘கெட்’ என்றால் பேசியோ கெஞ்சியோ சற்று முயன்று இணங்கவைத்தது. முதல் இரண்டுக்குப் பின் வெறும் வினை வரும், ‘கெட்’ என்பதற்குப் பின் மட்டும் ‘டு’ வரும். இந்த ‘டு’ விடுபடுவதையும், ‘மேக்’ என்பதற்குப் பின் அது தேவையின்றி நுழைவதையும் நான் திருத்தாத வாரம் இல்லை.

‘கெட்’ கொண்டு அமையும் செயப்பாட்டுவினை பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், இந்தச் சொல்லில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி அது. ‘ஹி வாஸ் ஹர்ட்’ என்றும் சொல்லலாம், ‘ஹி காட் ஹர்ட்’ என்றும் சொல்லலாம். இரண்டாவது அமைப்பு 17ஆம் நூற்றாண்டிலிருந்து காணப்படுகிறது. முதலாவது நடந்ததை விலகி நின்று பதிவு செய்கிறது. இரண்டாவதில், நிகழ்ச்சி எழுவாயைத் தாக்கியது என்ற உணர்வு சேர்கிறது. அடிபட்டது, வேலை பறிபோனது, ஏமாற்றப்பட்டது போன்ற தீய நிகழ்ச்சிகளுக்கும், பதவி உயர்வு கிடைத்தது, தேர்ந்தெடுக்கப்பட்டது போன்ற நல்ல நிகழ்ச்சிகளுக்கும் இது அதிகம் வருகிறது. எழுவாய்க்கு நன்மையோ தீமையோ இல்லாத இடங்களில் குறைவாகவே வருகிறது. தமிழிலும் செயப்பாட்டுக்கு இரண்டு துணைவினைகள் உண்டு. எழுதப்பட்டது என்பதில் உள்ள படு, அடிப்படையில் துன்பத்தையோ விளைவையோ ஏற்றலைக் குறிப்பது. எழுதப்பெற்றது என்பதில் உள்ள பெறு, அடைதலைக் குறிப்பது. சிறப்பான செயல்களுக்குப் பெறு என்பதே ஏற்றது என்று கருதி, விருது வழங்கப்பெற்றது என்று எழுதுவோர் இன்றும் உள்ளனர். ஆங்கிலத்தின் ‘காட்’ இந்த இரண்டு வேலைகளையும் தானே செய்கிறது: ‘ஹி காட் பீட்டன்’ என்பதில் அது படு, ‘ஷி காட் இலெக்டட்’ என்பதில் அது பெறு. திட்டு வாங்கினான் என்ற நம் பேச்சுவழக்கும் ‘ஹி காட் ஸ்கோல்டட்’ என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கின்றன.

இந்த அமைப்பில் விவாதத்துக்குரியவை இரண்டு. இது எதிலிருந்து பிறந்தது என்பதில் மொழியியலாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை; தன்னைத்தானே ஒரு செயலுக்கு உட்படுத்திக்கொள்ளும் பிறவினை அமைப்பிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார், பெயரடையோடு வரும் ஆதல் பொருளிலிருந்து வளர்ந்தது என்பார் மற்றொரு சாரார். அடுத்து, ‘ஹி காட் அரெஸ்டட்’ என்று சொன்னால் அந்தக் கைதுக்கு அவரே ஓரளவு பொறுப்பு என்ற குறிப்பு இருக்கிறதா என்பது. சிலர் இருக்கிறது என்கின்றனர். சில எடுத்துக்காட்டுகளில் எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. ‘ஹி காட் ஹிம்செல்ஃப் அரெஸ்டட்’ என்றால் மட்டுமே அந்தக் குறிப்பு ஐயமின்றி உண்டு என்பது என் நிலைப்பாடு. ஐயம் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன்: ‘நோன்’, ‘பிலீவ்ட்’ போன்று அறிவையும் நம்பிக்கையையும் குறிக்கும் நிலைவினைகளோடு இந்த அமைப்பு பொருந்தாது. உள்ளே நுழைய ஒரு நிகழ்ச்சி வேண்டும்; அங்கே அது இல்லை.

‘கெட் டு’ என்பதற்குப் பின் வினை வந்தால் வாய்ப்புக் கிடைத்தது என்று பொருள்: ‘ஐ காட் டு சீ இட்’, அதைப் பார்க்கக் கிடைத்தது. தமிழில் செய என்னும் எச்சத்தோடு கிடை என்பதைச் சேர்த்து நாம் சொல்வது இதற்கு அப்படியே ஈடாகிறது. ‘கெட் டு நோ’ என்றால் மட்டும் படிப்படியாகப் பழகி அறிந்துகொள்ளுதல்.

‘ஹேவ் காட்’ என்ற கூட்டு பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ‘ஐ ஹேவ் காட் எ பென்’ என்றால் என்னிடம் ஒரு பேனா இருக்கிறது என்பதே பொருள். வடிவம் முற்றுநிகழ்வு போல இருந்தாலும் சொல்வது நிகழ்காலத்தை. காரணம் எளிது: ஒன்றைப் பெற்று முடித்தவரிடம் அது இருக்கும். பெற்றிருக்கிறேன் என்பதை, பெற்று இருக்கிறேன் என்று பிரித்துப் பார்த்தால், இருத்தல் என்ற பொருள் எங்கிருந்து எழுந்தது என்பது தமிழிலேயே தெரிந்துவிடும். ‘ஹேவ் காட் டு’ என்றால் செய்தே ஆகவேண்டும். பேச்சில் அது ‘காட்டா’ என்று சுருங்குகிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் இதோடு ‘காட்டன்’ என்ற மூன்றாம் வடிவமும் உயிரோடு இருக்கிறது. இதைச் சிலர் அமெரிக்கர் கண்டுபிடித்த புது வடிவம் என்று நினைக்கிறார்கள், அது தவறு. அது பழைய வடிவம். பிரிட்டனின் பொதுவழக்கில் மறைந்து, கடல் கடந்து போனவர்களிடம் தங்கிவிட்டது. பிரிட்டனிலும் ‘ஃபர்காட்டன்’, ‘இல்-காட்டன்’ போன்ற சொற்களில் அதன் தடம் இருக்கிறது. அமெரிக்கர்கள் இரண்டையும் பயனுள்ள வகையில் பிரித்து வைத்திருக்கிறார்கள்: ‘ஹேவ் காட்’ என்றால் இருக்கிறது, ‘ஹேவ் காட்டன்’ என்றால் வந்து சேர்ந்தது, அல்லது ஆகிவிட்டது. ஒரே கட்டுரையில் இரு நாட்டு வழக்கையும் கலக்காமல் இருந்தால் எதை எழுதினாலும் சரியே.

இனி என் முறை கைகொடுக்காத இடம். ‘ஆன்’, ‘ஓவர்’, ‘பை’, ‘அவே’ போன்ற சிறுசொற்களோடு சேர்ந்து ‘கெட்’ உண்டாக்கும் கூட்டுவினைகள் ஏராளம். அவற்றில் சில அடிப்படைப் பொருளிலிருந்து நேராக விளங்கும். ‘கெட் ஓவர்’ என்றால் ஒரு தடையைத் தாண்டி அப்பால் போதல். ஆகவே நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீளுதல். ‘கெட் த்ரூ’ என்றால் ஒன்றின் ஊடே புகுந்து மறுபுறம் வருதல். ஆகவே கடினமான காலத்தைக் கடத்தல், தொலைபேசியில் தொடர்பு கிடைத்தல். ‘கெட் பேக்’ என்றால் திரும்பி வந்து சேர்தல், கொடுத்ததைத் திரும்பப் பெறுதல். ஆனால் ‘கெட் அவே வித்’ என்றால் தவறு செய்துவிட்டுத் தண்டனையின்றித் தப்புதல் என்பதையும், ‘கெட் பை’ என்றால் இருப்பதைக் கொண்டு சமாளித்தல் என்பதையும், ‘கெட் அட்’ என்றால் ஒன்றை மறைமுகமாகச் சொல்லவருதல் என்பதையும் எந்த விதியும் முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காது. பின்னோக்கிப் பார்த்தால் காரணம் கற்பிக்கலாம்; முன்கூட்டி ஊகிக்க முடியாது. இவற்றைத் தனிச்சொற்களாகவே, ஒவ்வொன்றையும் முழு வாக்கியத்தோடு, கற்றுக்கொள்ள வேண்டும். நீங்கள் மனப்பாடத்துக்கு ஒதுக்கிய நேரத்தை இங்கே செலவிடுங்கள். முதலில் இருபது கூட்டுவினைகள் போதும்.

கடைசியாக, அலுவலகக் கடிதத்தில் இந்தச் சொல் கூடாது என்று உங்களிடம் சொன்னவர் பாதி சரி. ‘கெட்’ தவறான சொல்லோ கொச்சையான சொல்லோ அன்று. எண்ணூறு ஆண்டுகளாக ஆங்கில எழுத்தில் இருந்துவரும் சொல். முறையான எழுத்தில் அதைத் தவிர்க்கச் சொல்வதற்கு நல்ல காரணம், நான் மேலே சொன்ன அதே மழுங்கல்தான்: எப்படி வந்தது என்பதை அது சொல்வதில்லை. கடிதம் வந்ததா, அனுமதி முயன்று பெறப்பட்டதா, பொருள் விலைக்கு வாங்கப்பட்டதா என்பது அலுவல் எழுத்தில் முக்கியம். ஆகவே முறையே ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பர்ச்சேஸ்’ என்று எழுதுவது தெளிவு கருதிய செயல். ஆதல் பொருளில் ‘பிகம்’, செயப்பாட்டில் ‘வாஸ்’ அல்லது ‘வெர்’ எழுதிவிடலாம். ஆனால் உடன் பணிபுரிகிறவருக்கு எழுதும் இரண்டு வரிக் குறிப்பில், உங்கள் செய்தி கிடைத்தது என்பதற்கு ‘ஐ காட் யுவர் மெசேஜ்’ என்று எழுதத் தயங்க வேண்டாம். அங்கே ‘ரிசீவ்ட்’ என்று எழுதினால் பிழை இல்லை, சற்று விறைப்பாக இருக்கும், அவ்வளவே. எழுதி முடித்த கடிதத்தில் ‘கெட்’ வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, இதைத் தமிழில் எழுதியிருந்தால் எந்த வினையைப் போட்டிருப்பேன் என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தது, வாங்கினேன், பெற்றுக்கொண்டேன், வந்து சேர்ந்தது ஆகியவற்றுள் எது மனத்தில் தோன்றுகிறதோ, அதற்குரிய துல்லியமான ஆங்கில வினையை அங்கே இடுங்கள். எந்த வினையும் குறிப்பாகத் தோன்றாத இடத்தில் ‘கெட்’ இருந்துவிட்டுப் போகட்டும்.